பர்கண்டி ஒயின்: பெயருக்கே பாதி விலை

பிரான்சின் பர்கண்டி வட்டார வெள்ளை ஒயின் என்றாலே வசதி படைத்தோருக்கு மட்டும்தான் என்ற எண்ணம் பலரிடம் உண்டு. அது பாதி உண்மைதான்.

அங்குள்ள புகழ்பெற்ற வெள்ளை ஒயின்கள் ஷார்டொனே என்ற ஒரே வகைத் திராட்சையில் தயாராகின்றன. பிறகு விலை மட்டும் ஏன் மலைக்கும் மடுவுக்குமாக இருக்கிறது? நிலமே காரணம். மோன்ட்ராஷே தோட்டம் ஏறத்தாழ 8 ஹெக்டர்தான். அதைக் கேட்போரோ உலகெங்கும் இருக்கின்றனர். மெர்சோ, புலினி மோன்ட்ராஷே என்ற ஊர்ப்பெயர் போத்தலில் இருந்தாலே விலை ஏறிவிடும்.

புலினிக்குப் பின்புறம், சற்றுக் குளிர்ந்த பள்ளத்தாக்கில் இருக்கிறது செயின்ட் ஓபான். முன்பு அங்கே பழம் முழுமையாகக் கனிவது சிரமம். பருவநிலை வெப்பமடைந்த பிறகு அந்தக் குறை பெரிதும் நீங்கிவிட்டது. விவரம் அறிந்தோர் தேடி வாங்குவதால் அதன் விலையும் ஏறத் தொடங்கியுள்ளது.

இன்னும் மலிவாக வேண்டுமா? தெற்கே மக்கோன் பகுதியின் செயின்ட் வெரான், 1999இல் தனிப் பெயர் பெற்ற வீரே கிளெஸ்ஸே ஆகியவற்றைப் பார்க்கலாம். அலிகோத்தே திராட்சையில் மட்டுமே தயாராகும் பூஸ்ரோன் வெள்ளை ஒயினும் உண்டு. புளிப்பு சற்றுத் தூக்கல், மீனுக்குப் பொருத்தம்.

எல்லாவற்றையும்விட முக்கியம், தயாரித்தவர் யார் என்பது. மெர்சோவின் தேர்ந்த தயாரிப்பாளர்கள் பலர், ஊர் எல்லைக்கு வெளியே உள்ள தங்கள் கொடிகளின் பழத்தைச் சாதாரண ‘பூர்கோன்’ பெயரில் விற்கின்றனர். கைப்பக்குவம் ஒன்றே, விலையோ வெகு குறைவு.

2021 ஏப்ரல் உறைபனியில் வெள்ளைத் திராட்சை விளைச்சல் கடுமையாகச் சரிந்து விலை எகிறியது. 2022, 2023 ஆண்டுகளில் விளைச்சல் தாராளம். கடையில் போத்தலைத் திருப்பி, அந்த ஆண்டுகளைத் தேடலாம்.