கல்லூரிப் பயிற்சியாளர் என்பிஏவுக்குப் போனால்

அமெரிக்கக் கூடைப்பந்தில் கோடைக்காலம் பயிற்சியாளர்கள் இடம் மாறும் காலம். தொழில்முறை லீகான என்பிஏவில் ஏதாவது ஓர் அணி தன் பயிற்சியாளரை நீக்கிவிட்டு ஆள் தேடும். அந்த ஆண்டு கல்லூரிப் போட்டிகளில் கலக்கிய ஒருவரின் பெயர் உடனே அடிபடும். மறுப்பவர்கள் உண்டு, போகிறவர்களும் உண்டு. போனவர்களில் பலர் சில ஆண்டுகளில் வேலையிழந்து கல்லூரிக்கே திரும்பியிருக்கிறார்கள். ஆட்டத்தைக் கரைத்துக் குடித்தவர்கள் அவர்கள். பிறகு ஏன் இப்படி நடக்கிறது?

விதிகளில் வேறுபாடு உண்டு. கல்லூரியில் ஆட்டம் 40 நிமிடம், என்பிஏவில் 48. பந்து கைக்கு வந்தபின் கல்லூரியில் 30 விநாடிக்குள் எறிய வேண்டும், என்பிஏவில் 24. இதையெல்லாம் எந்தப் பயிற்சியாளரும் சில வாரங்களில் பழகிக்கொள்வார். கடினமானது அட்டவணைதான். கல்லூரி அணி ஒரு பருவத்தில் ஏறத்தாழ 35 ஆட்டம் ஆடும், இடையில் பயிற்சிக்கு நாள் கிடைக்கும். என்பிஏவில் 82 ஆட்டம். இன்றிரவு ஓர் ஊர், நாளை இரவு வேறோர் ஊர் என்று பறந்துகொண்டே இருக்க வேண்டும். நல்ல அணிகூட 30 ஆட்டம் தோற்கும். ஆண்டுக்கு ஐந்தாறு தோல்விக்கு மேல் பார்த்திராத ஒருவருக்கு அதைத் தாங்குவதே தனிப் பயிற்சி.

ஆனால் என் பார்வையில் எல்லாவற்றையும்விடப் பெரிய வேறுபாடு அதிகாரம். கல்லூரியில் வீரர்களைத் தேர்ந்தெடுப்பவர் பயிற்சியாளரே. வீடு தேடிப் போய், பெற்றோரிடம் பேசி, பிள்ளையைத் தன் அணிக்குக் கொண்டுவருவார். வந்தவனுக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயது. ஆடவிடுவதும் உட்காரவைப்பதும் அவர் கையில். என்பிஏவில் வீரர்களைத் தேர்வு செய்பவர் பொது மேலாளர். நட்சத்திர வீரரின் சம்பளம் பயிற்சியாளரின் சம்பளத்தைப்போலப் பல மடங்கு, அதுவும் உறுதி செய்யப்பட்ட ஒப்பந்தம். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் பெட்டியைக் கட்டுபவர் பெரும்பாலும் பயிற்சியாளர்தான்.

இதைப் புரிந்துகொள்ள பாஸ்டன் செல்டிக்ஸ் அணிக்கு வந்த இருவரைப் பார்த்தால் போதும்.

ரிக் பிட்டினோ கென்டக்கி பல்கலைக்கழகத்துக்கு 1996இல் தேசியப் பட்டம் வாங்கித் தந்தவர். என்பிஏ அவருக்குப் புதிதும் அல்ல. 1980களின் இறுதியில் நியூயார்க் நிக்ஸ் அணிக்கு இரண்டு பருவம் தலைமைப் பயிற்சியாளராக இருந்து நன்றாகவே செய்திருந்தார். 1997இல் பாஸ்டன் அழைத்தபோது பயிற்சியாளர் பதவியோடு அணி நிர்வாகத் தலைவர் பதவியும் அவருக்குக் கிடைத்தது. செல்டிக்ஸின் பிதாமகர் ரெட் அவர்பாக் அதுவரை வகித்த பதவி அது. முந்தைய பருவத்தில் 15 ஆட்டம் மட்டுமே வென்ற அணி என்பதால், புதிய வீரர்களைத் தேர்வு செய்யும் டிராஃப்டில் முதலிடம் கிடைக்கும், கல்லூரி நட்சத்திரம் டிம் டங்கன் வருவார் என்று எல்லோரும் நம்பினார்கள். குலுக்கலில் அந்த அதிர்ஷ்டம் சான் அன்டோனியோவுக்குப் போனது.

பாஸ்டனுக்குக் கிடைத்தவை மூன்றாம், ஆறாம் இடங்கள். மூன்றாம் இடத்தில் எடுத்த சான்சி பில்லப்ஸை 51 ஆட்டத்துக்குப் பிறகு பிட்டினோ டொராண்டோவுக்கு மாற்றிவிட்டார். அந்தப் பில்லப்ஸ்தான் 2004இல் டெட்ராய்ட் பட்டம் வென்றபோது இறுதித் தொடரின் சிறந்த வீரர். மைதானம் முழுக்க எதிரணியை நெருக்கும் தன் கல்லூரி உத்தியைப் பிட்டினோ இங்கும் நம்பினார். முதல் ஆட்டத்தில் சாம்பியன் சிகாகோ புல்ஸையே வீழ்த்தினார். ஆனால் 82 ஆட்டம் அப்படி ஓட எந்தக் கால்களாலும் முடியாது. 102 வெற்றி, 146 தோல்வியோடு 2001 ஜனவரியில் விலகினார். ஆளை மாற்றும் அதிகாரமும் ஆட்டத்தை நடத்தும் வேலையும் ஒருவரிடமே இருந்ததால், பொறுமையாக இரு என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

பிராட் ஸ்டீவன்ஸ் 2013இல் வந்தார், வயது 36. இண்டியானாபோலிஸில் உள்ள பட்லர் என்ற சிறிய பல்கலைக்கழகத்தை 2010, 2011 இரண்டு ஆண்டும் தேசிய இறுதி ஆட்டத்துக்குக் கொண்டுபோனவர். அவர் வேலை பயிற்சி மட்டும். வீரர்களைச் சேர்ப்பது டேனி எயின்ஜ் பொறுப்பு. முதல் பருவத்தில் 57 தோல்வி. யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை, ஆறு ஆண்டு ஒப்பந்தம் கையில் இருந்தது. புரூக்ளின் அணியிடமிருந்து பெற்ற டிராஃப்ட் உரிமைகளின் வழியாக ஜெய்லன் பிரவுனும் ஜேசன் டேட்டமும் வந்து சேர்ந்தார்கள். 2015இலிருந்து ஏழு பருவமும் அணி பிளே-ஆஃப் ஆடியது. 2021இல் ஸ்டீவன்ஸ் நிர்வாகத்துக்கு மாறினார். அவர் அமைத்த அணி 2024இல் சாம்பியன் ஆனது.

எல்லோருக்கும் இந்தக் கால அவகாசம் கிடைப்பதில்லை. கல்லூரியில் பெயர்பெற்ற ஜெர்ரி டார்க்கேனியனை 1992இல் சான் அன்டோனியோ 20 ஆட்டத்திலேயே அனுப்பிவிட்டது. நட்சத்திர வீரர்கள் மைக்கேல் ஜோர்டனும் ஸ்காட்டி பிப்பெனும் போய்விட்ட சிகாகோவை 1998-99 பருவத்தில் ஏற்ற, கல்லூரியிலிருந்து வந்த டிம் ஃப்ளாய்டுக்கு வெற்றி 49, தோல்வி 190. காலியான வீட்டைத்தான் அவரிடம் ஒப்படைத்தார்கள். இவற்றை முழுக்கப் பயிற்சியாளரின் தோல்வி என்று சொல்வது அநியாயம். கல்லூரி ஆளைத் தேடும் அணி பெரும்பாலும் ஏற்கெனவே நொறுங்கிப்போன அணியாகவே இருக்கும்.

நிலைத்தவர்களில் பலர் உதவிப் பயிற்சியாளர் என்ற படியில் ஏறி வந்தவர்கள். கிரெக் பாப்போவிச் கலிஃபோர்னியாவின் பொமோனா-பிட்சர் என்ற சின்னக் கல்லூரி அணியிலிருந்து 1988இல் சான் அன்டோனியோவுக்கு உதவியாளராகப் போனார்; பின்னர் தலைமைப் பயிற்சியாளராக ஐந்து பட்டம். அன்று அவரை அழைத்துப்போனவர் லாரி பிரவுன். கல்லூரிப் பட்டம், என்பிஏ பட்டம் இரண்டையும் வென்ற ஒரே பயிற்சியாளர் அவர்: 1988இல் கன்சாஸ், 2004இல் பில்லப்ஸின் டெட்ராய்ட். அவருமே தலைமைப் பயிற்சியாளராகத் தொழில்முறை அணிகளில் தொடங்கிப் பிறகு கல்லூரிக்கு வந்தவர்.

கல்லூரிப் பக்கமும் இப்போது மாறிவிட்டது. 2021இலிருந்து மாணவ வீரர்கள் விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். 2025இலிருந்து பல்கலைக்கழகமே நேரடியாகப் பணம் தரலாம். கல்லூரி மாறினால் ஓராண்டு ஆடாமல் காத்திருக்க வேண்டும் என்ற பழைய கட்டுப்பாடும் போய்விட்டது. பிடிக்கவில்லை என்றால் பையன் அடுத்த ஆண்டே வேறு கல்லூரிக்குப் போய்விடுவான். பயிற்சியாளரின் பழைய பிடி தளர்ந்திருக்கிறது.

இருந்தும் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் டேன் ஹர்லி, 2023, 2024 இரண்டு ஆண்டும் பட்டம் வென்ற கையோடு, லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் தருவதாகச் சொன்ன ஏறத்தாழ 7 கோடி டாலர் ஒப்பந்தத்தை வேண்டாம் என்றார். லேக்கர்ஸ் அடுத்து நியமித்தது ஜே.ஜே. ரெடிக்கை. கல்லூரியிலோ என்பிஏவிலோ அவர் அதுவரை எந்த அணிக்கும் பயிற்சியளித்தவர் இல்லை. ஆனால் 15 பருவம் என்பிஏ ஆடி, அந்த உடைமாற்றும் அறையில் யார் பேச்சு எடுபடும் என்பதை உள்ளிருந்தே பார்த்தவர். முதல் பருவத்தில் அணி 50 ஆட்டம் வென்றது.