கத்திக்கு முன்னும் பின்னும்

நுரையீரலில் தோன்றிய புற்றுக்கட்டியை அறுத்து முற்றிலும் அகற்றிவிட்டதாக வைத்தியர் சொன்ன பிறகும், ஓரிரு ஆண்டுகளில் அதே வியாதி மூளையிலோ எலும்பிலோ தலைகாட்டுவது ஏன் என்று ஆராய்ந்தால், கண்ணுக்குப் புலப்படாத புற்றணுக்கள் சில, கத்தி எட்டாத இடங்களுக்கு முன்னரே பிரயாணம் செய்துவிட்டிருந்தன என்பது விளங்கும். அவற்றை வேட்டையாடும் சக்தி நம் இரத்தத்திலுள்ள டி அணுக்களுக்கு உண்டெனினும், அந்த டி அணுக்களின் மேற்பரப்பிலுள்ள பிடி-1 என்னும் புரதத்தைத் தீண்டிப் புற்றணு அவற்றை மயக்கிவிடுகிறது. ஜப்பானியரான தசுகு ஹோஞ்சோவின் ஆய்வுக்கூடம் 1992-ல் இப்புரதத்தைக் கண்டது. 2018-ல் நோபல் பரிசு அவருக்கும் அமெரிக்கரான ஜேம்ஸ் அலிசனுக்கும் கிடைத்தது.

மயக்கத்தைத் தெளிவிக்கும் நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் முதலிய மருந்துகள், ஆதியில் நோய் முற்றியவர்களுக்கே பிரயோகிக்கப்பட்டன. கட்டி சரீரத்தில் இருக்கும்போதே இவற்றைச் செலுத்தினால் டி அணுக்கள் பகைவனின் அடையாளங்களை நேரில் பயின்றுகொள்ளும்; பாடப்புத்தகத்தைக் கிழித்தெறிந்த பிறகு மாணவனைப் படிக்கச் சொல்வதில் என்ன பிரயோஜனம் என்பதே நிபுணர்களின் தர்க்கம். செக்மேட் 816 என்ற ஆய்வில், 358 பேரில் ஒரு சாராருக்குக் கீமோதெரபி மட்டுமே, மறு சாராருக்கு அதனுடன் நிவோலுமாப்பும், அறுவைக்கு முன் மூன்று தவணை அளித்தார்கள். அறுத்தெடுத்த திசுவில் உயிருள்ள புற்றணு ஒன்றேனும் காணப்படாதவர்கள் முதல் சாராரில் நூற்றுக்கு 2 பேர். இரண்டாம் சாராரில் 24 பேர். ஐந்தாண்டு கழித்து உயிரோடிருந்தவர்கள் முறையே நூற்றுக்கு 55, 65.

பெம்ப்ரோலிசுமாப் முறையிலோ, அறுவைக்கு முன் நான்கு தவணையும் பின் பதின்மூன்று தவணையுமாகச் சிகிச்சை ஓராண்டுக்கும் மேல் நீள்கிறது. கட்டி பூரணமாகக் கரைந்துபோனவருக்கும் இந்தப் பிற்பகுதி அவசியந்தானா என்பதில் வைத்தியர்களிடையே அபிப்பிராய பேதம் உண்டு. மருந்தின் விலையையும், தைராய்டு, குடல், ஏன் நுரையீரலையே கூட நம் அணுக்கள் தாக்கும் அபாயத்தையும் நோக்கும்போது, இக்கேள்வியை அலட்சியம் செய்வது நியாயமன்று என்பேன்.

ஒன்று மட்டும் நிச்சயம்: எல்லோருக்கும் இச்சிகிச்சை ஏற்றதன்று. இஜிஎஃப்ஆர், ஏஎல்கே என்னும் மரபணுக்களில் மாறுதல் உள்ளவர்களுக்கு இதனால் விளையும் பலன் சொற்பம். அவர்களுக்கென வேறு மாத்திரைகள் உள்ளன. புகை பிடிக்காதவர்களிடம் இம்மாறுதல்கள் அதிகம். ஆதலின், அறுவைக்கு நாள் குறிக்குமுன் மரபணுப் பரிசோதனை ஆயிற்றா என்று வைத்தியரைத் தயங்காமல் கேளுங்கள்.