உங்களுக்குத் தெரியுமா? காட்டுக்கு ஓரம் கூடினால் என்ன ஆகும்?

● இலங்கையின் நானுஓயா ரயில் நிலையம் ஒரு பழைய எல்லைக்குச் சற்று மேலே இருக்கிறது. 5,000 அடிக்கு மேலுள்ள மலைக்காடுகளில் கோடரி வைக்கக் கூடாது என்று தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் சொன்ன ஆலோசனையை 1873இல் அரசு ஏற்றது. ஆனாலும் இன்று அந்த எல்லைக்கு மேலேயும் தேயிலை மலைகளுக்கு நடுவே திட்டுத் திட்டாகத்தான் காடு மிஞ்சியிருக்கிறது.

● காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கரிமம். தேயிலைச் செடியும் மரம்தான். ஆனால் அதை இடுப்பளவுக்கு மேல் வளர விடுவதில்லையே! கவ்வாத்தில் வெட்டிய கிளையான மிலாறு தொழிலாளர் லயத்து அடுப்புக்குப் போகிறது, அதிலிருந்த கரிமம் புகையாய்க் காற்றுக்கே திரும்புகிறது. எதிரே மேட்டில் பாசி போர்த்தி நிற்கும் கீன என்ற காட்டு மரமோ, தான் சேர்த்ததைப் பல தலைமுறைக்கு வைத்திருக்கும்.

● அந்தக் கீன மரத்துக்குப் பக்கத்துக் காட்டை வெட்டிவிட்டால்? பிரேசிலின் மனௌஸ் அருகே 1979இல் தொடங்கிய ஆய்வு இதைத்தான் பார்த்தது. நடுக்காட்டில் இருப்பதைவிட ஓரத்தில் பெரிய மரங்கள் ஏறக்குறைய மூன்று மடங்கு வேகமாகச் சாகின்றன. காற்று நேரே மோதுகிறது, வெயில் ஈரத்தை உறிஞ்சுகிறது, கொடிகள் ஏறி அமுக்குகின்றன. விழுந்த மரத்தின் இடத்தில் முளைப்பவை சடசடவென வளரும், ஆனால் கட்டை லேசு. கரிமமும் குறைவு.

● குளிர்நாடுகளில் கதை வேறு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஓரத்து மரங்களுக்கு வெளிச்சம் கூடி, அவை உள்ளே இருப்பவற்றைவிட வேகமாகப் பெருத்தன. வெயில் கடுமையான ஆண்டுகளில் அந்த வளர்ச்சிதான் அதிகமாக அடிவாங்கியது.

● நுவரெலியாவின் கல்வேஸ் லேண்ட் 1938இல் சரணாலயம், 2006இல் தேசியப் பூங்கா. பரப்பு 30 ஹெக்டேயருக்கும் குறைவு. ஓரத்தின் பாதிப்பு 100 மீற்றர் உள்ளே வரும் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். பூங்கா கச்சிதமான சதுரமாக இருந்தாலும் மிஞ்சும் நடுக்காடு 12 ஹெக்டேயரைத் தாண்டாது. கோணல்மாணலான திட்டுகளில் இன்னும் குறையும். காட்டின் பரப்பை மட்டும் சொல்லிவிட்டு அதன் வடிவத்தைச் சொல்லாத கணக்கை நான் நம்புவதில்லை.

● மானாப்புல்லில் பற்றும் தீ, காட்டுத் திட்டுக்குள் நுழைவதும் இந்த ஓரத்தின் வழியாகத்தான்.

● ஓரத்தை மூடவும் முடியும். தமிழ்நாட்டின் வால்பாறையிலும் இதே நிலைமை, தேயிலைக்கு நடுவே மழைக்காட்டுத் திட்டுகள். அங்கே 2000ஆம் ஆண்டையொட்டி, அந்தக் காட்டுக்கே உரிய பல இன மரக்கன்றுகளைக் கலந்து நடத் தொடங்கினார்கள். தானாக முளைக்கட்டும் என்று விட்ட இடங்களைவிட, நட்ட இடங்களில் கரிமம் வேகமாகச் சேர்ந்திருக்கிறது.