பாட்டிலைப் படியுங்கள்

பள்ளிவாசல் மலையில் ஒரு லயம். மாலை நேரம். கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு ஓர் அம்மா வீடு திரும்புகிறார். அவருடைய குழந்தைக்குத் தாகம். அலமாரியில் ஒரு பழைய சோடா பாட்டில் இருக்கிறது. குழந்தை அதை எட்டி எடுக்கிறது.

பாட்டிலில் இருப்பது தண்ணீரா? ஏலத்தோட்டத்தில் அடித்து மிஞ்சிய பூச்சிமருந்தா? பாட்டிலில் பெயர் இல்லை. குழந்தைக்கு எப்படித் தெரியும்?

நாம் அதை மருந்து என்கிறோம். உண்மையில் அது விஷம். பூச்சிக்கும் விஷம். நமக்கும் விஷம்.

நான்கு நிறங்கள்

பூச்சிமருந்துக்கென்று 1968-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. உரிமம் இல்லாமல் அதை விற்கக் கூடாது. ஒவ்வொரு டப்பாவிலும் சாய்வான சதுரம் ஒன்று இருக்க வேண்டும். அதன் கீழ்ப்பாதியில் நிறம் இருக்கும்.

சிவப்பு: மிகக் கொடிய விஷம். மண்டை ஓட்டுப் படமும் இருக்கும்.
மஞ்சள்: கொடிய விஷம்.
நீலம்: அபாயம்.
பச்சை: கவனம் தேவை.

பச்சைதானே என்று அலட்சியம் வேண்டாம். அதையும் குடிக்கக் கூடாது. லேபிளில் எழுத்து எந்த மொழியில் இருந்தாலும் நிறம் ஒன்றுதான்.

அரசு ஏன் தடுக்கிறது?

"என் காசு. என் வீடு. நான் எதையும் வைத்துக்கொள்வேன். அரசுக்கு என்ன?" என்று சிலர் கேட்கலாம். விஷம் ஒரு வீட்டோடு நிற்பதில்லை. காற்றில் போகும். ஓடையில் கலக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கைக்கும் போகும்.

காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களில் எண்டோசல்ஃபான் தெளித்தார்கள். பல ஊர் மக்கள் நோயால் துன்பப்பட்டார்கள். 2011-இல் உச்ச நீதிமன்றம் அந்த மருந்தைத் தடை செய்தது. அதே ஆண்டில் கேரள அரசு ஃபுரடான், ஃபோரேட் போன்ற பல மருந்துகளையும் தடை செய்தது. வேறு ஊரில் கிடைக்கிறது என்று இவற்றை வாங்கி வந்து வீட்டில் வைக்கக் கூடாது.

ஆசிட் விற்பனைக்கும் கட்டுப்பாடு உண்டு. 2013-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. வாங்குபவர் அடையாள அட்டை காட்ட வேண்டும். எதற்கு என்று சொல்ல வேண்டும். 18 வயது ஆகாதவருக்கு விற்கக் கூடாது.

23 பிள்ளைகள்

அதே 2013 ஜூலையில் பீகாரில் ஒரு கொடுமை நடந்தது. ஒரு பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 பிள்ளைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து கலந்திருந்தது. பூச்சிமருந்து இருந்த டப்பாவில் எண்ணெயை வைத்திருந்தார்கள் என்று விசாரணையில் தெரிந்தது.

டப்பாவைக் கழுவினாலும் விஷம் முழுவதும் போகாது. இதை மறக்காதீர்கள்.

நாம் செய்ய வேண்டியவை

வேலைக்குத் தேவையான அளவு மட்டும் வாங்குங்கள். வேறு பாட்டிலில் ஊற்றாதீர்கள். சமையலறையில் வைக்காதீர்கள். பூட்டி வையுங்கள். காலி டப்பாவில் ஓட்டை போடுங்கள். ஓடையில் எறியாதீர்கள்.

யாராவது தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். டப்பாவையும் எடுத்துப் போங்கள். பெயர் தெரிந்தால் டாக்டர் சரியான சிகிச்சை தருவார்.

இப்போது உங்களுக்குப் படிக்கத் தெரியும். இன்றே வீட்டில் உள்ள பாட்டில்களை எடுத்துப் பாருங்கள். பெயரைப் படியுங்கள். நிறத்தைப் பாருங்கள். பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

பேசுவோம்

1. உங்கள் வீட்டில் பெயர் இல்லாத பாட்டில் இருக்கிறதா?
2. சிவப்பு நிறம் எதைக் காட்டுகிறது?