குனியாமல் பறிக்கும் தோட்டம்: ஊறுகாய் வெள்ளரியைக் கம்பியில் ஏற்றுவது எப்படி?

மீள்குடியேற்றத்தின்போது எமது குடும்பங்கள் பலவற்றுக்கு வாழ்வாதார உதவியாக விதைப் பொதியும் மண்வெட்டியும் கிடைத்தன. ஆனால் தோட்ட வேலை குனிந்து செய்கிற வேலை, குந்தியிருந்து செய்கிற வேலை. செயற்கைக்கால் போட்டவரும், முள்ளந்தண்டில் காயப்பட்டுச் சக்கர நாற்காலியில் இருப்பவரும், உடம்பில் இன்னமும் செல் துண்டைச் சுமப்பவரும் அந்த மண்வெட்டியை வைத்து என்ன செய்வது என்று அன்று யாரும் பெரிதாக யோசிக்கவில்லை. கணவனை இழந்து, சிறு பிள்ளைகளோடும் வயதான தாயோடும் கால் பரப்புக் காணிக்குள் வாழும் பெண்ணுக்கும் இதே கேள்வி உண்டு.

இந்தக் கேள்விக்கு முழுப் பதில் ஒன்று இல்லை. ஆனால் ஒரு சிறு பதில் உண்டு. உடம்பு நிலத்துக்கு இறங்க முடியாவிட்டால், பயிரை உடம்பின் உயரத்துக்கு ஏற்றலாம். அதற்கு நன்றாக இணங்கிவரும் பயிர்களில் ஒன்று ஊறுகாய் வெள்ளரி.

ஏன் இந்தப் பயிர்?

‘கெர்கின்’ என்று வியாபாரிகள் சொல்லும் சின்ன வெள்ளரி வேறு பயிர் அல்ல. நாம் தின்னும் வெள்ளரியின் வகைதான். காய் சின்னவிரல் பருமனில் இருந்து பெருவிரல் பருமன் வருவதற்குள் பறித்து, உப்புநீரிலோ வினாகிரியிலோ போடுவார்கள். இலங்கையில் இது 1980களின் பிற்பகுதியிலிருந்து ஏற்றுமதிக்காகப் பயிரிடப்படுகிறது. கம்பனி விதையும் பசளையும் கொடுக்கும், கமக்காரர் விளைவித்துக் கொடுப்பார், கம்பனியே திருப்பி வாங்கும். பெரும்பாலும் இந்த ஒப்பந்த முறையில்தான் அது நடக்கிறது.

விதை போட்டு 35 நாட்கள் அளவில் முதற் காய் பறிக்கலாம். அதன்பின் ஒரு மாதத்துக்கு மேலாகப் பறிப்பு நடக்கும். காய் ஒரு நாளில் ஏறக்குறைய இரட்டிப்பாகப் பருக்கும். அதனால் தினமும் பறிக்க வேண்டும். ஒரு நாள் தவறினால் ஊறுகாய்க் காய் கறிக்காயாகிவிடும்.

நிலத்தில் படரவிட்ட கொடியில் இந்தத் தினசரிப் பறிப்புத்தான் இடுப்பை முறிக்கும் வேலை. இலையை விலக்கி, குனிந்து, ஒவ்வொரு காயாகத் தேட வேண்டும். கண்ணில் படாமல் ஒளிந்த காய் முற்றிவிடும். முற்றிய காய் கொடியில் கிடந்தால் புதிய காய் பிடிப்பதும் குறையும். கொடியைக் கம்பியில் ஏற்றினால் காய் தொங்கும். நின்றபடியோ இருந்தபடியோ கண்ணால் கண்டு பறிக்கலாம்.

வேறு நன்மைகளும் உண்டு. மண்ணில் படாத காய் அழுகாது, அடிப்பக்கம் மஞ்சளாகாது, நேராக வளரும். இலைக்கு இடையே காற்று ஓடுவதால் பனி விரைவில் காயும். தை, மாசிப் பனியில் வெள்ளரியை அழிக்கும் பூஞ்சண நோய்க்கு இலை பல மணி நேரம் நனைந்திருப்பதுதான் வசதி. இலை காய்ந்தால் நோயின் வேகம் குறையும்.

தூணும் கம்பியும்

முதலில் ஓர் எச்சரிக்கை. அண்மையில் விடுவிக்கப்பட்ட காணியில், அல்லது முன்பு முகாமோ மண் அணையோ இருந்த இடத்துக்கு அருகில் குழி தோண்டுவதானால், அந்த நிலம் கண்ணிவெடி அகற்றப்பட்டது என்பதைக் கிராம அலுவலர் மூலம் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். தூணுக்கு உதவும் என்று, மண்ணுக்குள் தெரியும் இரும்பை இழுக்க வேண்டாம். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், இடத்தை அடையாளப்படுத்திவிட்டு அறிவியுங்கள். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

தூணுக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. சீமைக்கிளுவைக் கதியால், பூவரசங்கதியால், பழைய வீட்டுப் பனஞ்சிலாகை எதுவும் போதும். கதியால் தளிர்த்தால் இலையை வெட்டிப் பசளையாகப் போடலாம். எட்டு அடித் தூணை இரண்டு அடி ஆழத்தில் நட்டால் ஆறு அடி வெளியே நிற்கும். தூணுக்குத் தூண் ஏழு அல்லது எட்டு அடி இடைவெளி விடுங்கள். உச்சியில் ஒரு கட்டுக்கம்பியும், நிலத்திலிருந்து அரை அடி உயரத்தில் இன்னொன்றும் இழுத்துக் கட்டுங்கள். இரண்டுக்கும் இடையே ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு நைலோன் கயிறு. இதுதான் முழு அமைப்பு.

கடற்கரைக் கிராமங்களில் பழைய வலை இருக்கும். கண் பெரிய வலையானால் கயிற்றுக்குப் பதிலாகப் பாவிக்கலாம். கண் சிறிதானால் காய் அதற்குள் சிக்கிப் பருத்து நெரிபடும். ஆறு அங்குலக் கண் என்றால் கை தாராளமாகப் போய்வரும்.

இலை நிறைந்த கொடிப் பந்தல் காற்றுக்குப் பாய்மரம் போன்றது. சோளகக் காற்று அதைச் சாய்த்துவிடும். அதனால் வரிசையின் இரு அந்தத் தூண்களுக்கும் சாய்வாக முட்டுக் கொடுங்கள். காற்று வரும் பக்கத்தில் கிடுகு வேலியோ உயிர்வேலியோ இருந்தால் நல்லது. வரிசையை வடக்குத் தெற்காக அமைத்தால் காலை வெயில் ஒரு பக்கமும் பின்னேர வெயில் மறுபக்கமும் படும்.

உடம்புக்கு ஏற்ற அளவு

பந்தலின் உயரத்தைப் பறிப்பவரின் உடம்பு தீர்மானிக்கட்டும்.

நின்று வேலை செய்யக்கூடியவருக்கு ஆறு அடி சரி. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு உச்சிக் கம்பி நாலரை அடிக்கு மேல் போகக் கூடாது. முழங்கால் உயரத்திலிருந்து தோள் உயரம் வரைதான் அவர் சிரமமின்றிக் கை நீட்டக்கூடிய இடம். கொடி கம்பியைத் தொட்டதும் நுனியைக் கிள்ளிவிடலாம், அல்லது கம்பியின்மேல் பக்கவாட்டில் திருப்பிவிடலாம். தூண்களை நேராக நடாமல் பறிப்பவர் பக்கமாகச் சற்றுச் சாய்த்து நட்டால் காய்கள் இலைக்கு முன்னால் தொங்கும். கொடியைத் துளாவ வேண்டியதில்லை.

வரிசைகளுக்கு இடையே நாலு அடி விட்டு, அந்தப் பாதையை மண் இறுகத் திமிசு போட்டால் நாற்காலிச் சக்கரம் புதையாது. ஊன்றுகோலும் வழுக்காது. நிலத்தைக் கொத்த முடியாதவர்கள் பழைய பசளைப் பையில் மண்ணும் மாட்டெருவும் நிரப்பி, கல் அடுக்கி உயர்த்திய இடத்தில் வைக்கலாம். ஒரு பைக்கு இரண்டு கன்று போதும்.

முப்பது அடி நீளத்தில் நாலு வரிசை, ஒரு அடிக்கு ஒரு கன்று என்று வைத்தால் 120 கன்றுகள். இதற்குத் தேவையான இடம் ஒரு பரப்பின் ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. ஆனால் முதல் முறை ஒரு வரிசை மட்டும் போடுங்கள். முப்பது கன்றைத் தினமும் பறிக்க உங்கள் உடம்பு இடம் கொடுக்கிறதா என்று பார்த்தபின் மற்றதை யோசிக்கலாம்.

நடுகையும் பராமரிப்பும்

வடக்கில் மாரி மழை ஓய்ந்தபின், மார்கழி இறுதியிலோ தை தொடக்கத்திலோ விதைத்தால் சோளகம் எழும்ப முன்னரே பறிப்பு முடிந்துவிடும். நன்கு உக்கிய மாட்டெருவைக் குழியில் இட்டு, ஒரு குழிக்கு இரண்டு விதை போட்டு, பின்னர் நல்ல கன்றை மட்டும் விடுங்கள்.

விதை வாங்கும்போது ஒன்றைக் கேளுங்கள். தேனீ வராமலே காய்க்கும் இனமா, தேனீ தேவைப்படும் இனமா? தேனீ தேவைப்படும் இனத்துக்குப் பூக்கும் காலத்தில் காலையில் கிருமிநாசினி அடித்தால் தேனீ செத்துவிடும், காயும் பிடிக்காது. கலப்பின விதையிலிருந்து அடுத்த போகத்துக்கு விதை எடுக்க முடியாது, மீண்டும் வாங்க வேண்டும். காசில்லாத இடத்தில் ஊர் வெள்ளரியைப் போட்டு, பிஞ்சாகப் பறித்து ஊறுகாய் போடுவதில் குறையொன்றும் இல்லை. அதன் விதை உங்கள் கையிலேயே இருக்கும்.

கொடி ஒரு அடி வந்ததும் கயிற்றில் மெதுவாகச் சுற்றிவிடுங்கள். அதன்பின் பற்றுக்கம்பிகள் தாமே பிடிக்கும். கட்ட வேண்டிய இடத்தில் வாழைநாரால் தளர்வாகக் கட்டுங்கள். அடியிலிருந்து ஒரு அடி உயரம் வரை பக்கக் கிளைகளையும் பழுத்த இலைகளையும் நீக்கினால் மண் தெறித்து நோய் ஏறாது.

தண்ணீர்தான் இந்தப் பயிரின் உயிர். காய்க்கும் காலத்தில், வெயிலில், கன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு லீற்றர் வரை நாள்தோறும் வேண்டும். ஏற்றிவிட்ட கொடிக்குக் காற்று அதிகம் படுவதால் ஈரமும் விரைவில் போகும். அடியில் வைக்கோலோ பனையோலையோ பரப்புங்கள். ஒரு நாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக இறைத்தால் காய் கோணும், கசக்கும். உவர்க் கிணற்று நீர் இதற்கு ஒத்துவராது. யூரியாவை அள்ளிக் கொட்டினால் இலைதான் கூடும். மிச்சம் மண்ணுக்குள் இறங்கி, நாங்கள் குடிக்கிற கிணற்றுக்கே வந்து சேரும்.

செம்மஞ்சள் நிற வண்டு இளங்கன்றை அரிக்கும். காலையில், அது சோம்பியிருக்கும்போது கையால் பிடித்து அழியுங்கள். இலையில் சாம்பல் தூவுவது பழைய வழக்கம். பழ ஈ குத்திய காயைத் தோட்டத்தில் எறியாமல் பொலித்தீன் பையில் கட்டி வெயிலில் போடுங்கள். கிருமிநாசினி பற்றி ஒன்றை மறக்க வேண்டாம். போத்தலில் ‘அடித்தபின் இத்தனை நாள் பறிக்கக் கூடாது’ என்று எழுதியிருக்கும். தினமும் பறிக்கிற பயிரில் அந்த நாட்களைக் காத்திருந்தால் காய் முற்றிவிடும், காத்திராவிட்டால் நஞ்சைத்தான் விற்கிறோம். ஆகவே விவசாயப் போதனாசிரியரைக் கேட்காமல் அடிக்க வேண்டாம்.

ஒப்பந்தத்தில் கைவைக்க முன்

ஊறுகாய் வெள்ளரியைக் காயின் பருமன்படி தரம் பிரித்து வாங்குவார்கள். மிகச் சின்னக் காய்க்குக் கிலோ விலை கூட, ஆனால் ஒரு கிலோ சேர நிறையக் காய் வேண்டும். பெரிதாகிவிட்டால் விலை விழும், அல்லது வாங்கவே மாட்டார்கள்.

நுண்கடன் எங்கள் பெண்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பது இந்த வாசகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆகவே கையெழுத்து வைக்க முன் இவற்றைக் கேட்டு, எழுத்தில் வாங்குங்கள்: ஒவ்வொரு தரத்துக்கும் விலை என்ன? காயைத் தரம் பிரிப்பவர் யார், அதை நாம் பார்த்து நிற்கலாமா? விதைக்கும் பசளைக்கும் எவ்வளவு கழிப்பீர்கள்? நோயோ வெள்ளமோ வந்து பயிர் அழிந்தால் அந்தக் கடன் யாருடையது? வாகனம் வராத நாளில் பறித்த காய்க்கு யார் பொறுப்பு? ஒப்பந்தம் தமிழில் இருக்கிறதா?

இன்னொன்று: தினமும் பறிக்க வேண்டும் என்பதால் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக முன்னும் வந்த பின்னும் தோட்டத்தில் நிற்க நேரும். அந்தக் கூலியைக் கணக்கில் சேர்க்காமல் இலாபம் பார்க்க வேண்டாம்.

வாங்குவோர் வராவிட்டால்

முப்பது கன்றுக்குக் கம்பனி தேவையில்லை. காயைப் பறித்த அன்றே கழுவி, பூ இருந்த முனையை மெல்லியதாக வெட்டிவிடுங்கள். அந்த முனையில் உள்ள நொதியம்தான் ஊறுகாயைக் குழையப்பண்ணும். பின்னர் இரண்டு வழி உண்டு.

குளிர்சாதனப் பெட்டி உள்ளவர்கள்: அமிலம் 5 வீதத்துக்குக் குறையாத வினாகிரியும் தண்ணீரும் சம அளவு எடுத்து, உப்புச் சேர்த்துக் கொதிக்கவைத்து, கொதிநீரில் அவித்த கண்ணாடிப் போத்தலில் காயோடு உள்ளி, மிளகு, கடுகு போட்டு ஊற்றுங்கள். ஆறியதும் குளிரில் வையுங்கள். வீட்டில் புளிக்கவைத்த கள்ளு வினாகிரியின் அமில அளவு தெரியாததால், சேமித்து வைக்கும் ஊறுகாய்க்கு அதை நம்ப வேண்டாம்.

பெட்டி இல்லாதவர்கள்: ஒரு லீற்றர் தண்ணீருக்கு 50 கிராம் உப்புக் கரைத்து, காய் முழுவதும் அமிழும்படி பாரம் வைத்து, நிழலில் புளிக்க விடலாம். எமது வெக்கையில் சில நாட்களிலேயே புளிப்பு ஏறும். ருசி பிடித்ததும் தின்று முடியுங்கள். கெட்ட மணம், வழவழப்பு, பூஞ்சணம் எது கண்டாலும் கொட்டிவிடுங்கள். விற்பதானால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முதலில் பேசுங்கள்.

ஒரு வரிசை வெள்ளரி ஒரு குடும்பத்தின் கடனைத் தீர்க்காது. அப்படிச் சொல்லி யாராவது வந்தால் நம்ப வேண்டாம். ஆனால் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக மற்றவர் கொண்டுவந்து தருவதையே வாங்கிக்கொண்டிருக்கும் ஒருவர், காலையில் தன் நாற்காலியை உருட்டிப்போய், தன் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு சுளகு காய் பறித்து வருவதற்கு ஒரு பெறுமதி உண்டு. அதற்கு வேண்டியது ஐந்து கதியால், கொஞ்சம் கம்பி, அறுபது விதை. அடுத்த முறை வாழ்வாதார உதவி என்று வருபவர்களிடம், மண்வெட்டிக்குப் பதிலாக இந்தக் கம்பியைக் கேளுங்கள்.