பட்டா சரி, மண்டலம் எது?

திருநெல்வேலியில் பாளையங்கால்வாய் பாயும் வயல்களின் ஓரமாகப் போனால், நெல் அறுத்த தாளடி காயும் முன்பே கல் ஊன்றிச் சாயம் அடித்து, கலர் கொடி கட்டியிருப்பதைப் பார்க்கலாம். "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு சார், நாளைக்கே வாஸ்து பார்த்து வீடு கட்டலாம்" என்பார் புரோக்கர். அந்தப் பேச்சை அப்படியே நம்பிவிட வேண்டாம். நகர் ஊரமைப்புத் துறையின் தொழில்நுட்ப ஒப்புதல் இல்லாமல் மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவருக்குக் கிடையாது.

நிலம் யாருடையது என்பதைப் பட்டா சொல்லும். அதில் என்ன செய்யலாம் என்பதை முடிவு செய்வது, 1971ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்கீழ் வரும் முழுமைத் திட்டம். திட்டப் பகுதிக்குள் வரும் புல எண்கள் குடியிருப்பு, வணிகம், தொழில், விவசாயம் என ஏதாவதொரு உபயோக மண்டலத்தில் அடங்கும். விவசாய மண்டலத்து நிலத்தைத் தாராளமாக வாங்கலாம், விற்கலாம். அதை மனையாகப் பிரிக்க வேண்டுமானால் முதலில் நில உபயோக மாற்றம் வாங்கியாக வேண்டும்.

அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. 2016 அக்டோபர் 20க்கு முன் உருவான மனைகளுக்காக, 2017இல் வரன்முறை விதிகள் வந்தன. அதிலும் நீர்நிலைகளில் போட்ட மனைகளுக்கு இடமில்லை. வரன்முறை ஆணை வாங்கிவிட்டால் மனையை விற்கலாம், கடன் வாங்கலாம். தூர்ந்துபோன வாய்க்காலின் தண்ணீர் எங்கே போகும் என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் அதற்குப் பதில் கிடைத்தது. கொக்கிரகுளத்தில் ஆற்றங்கரையில் இருக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்குள்ளேயே தாமிரபரணி வெள்ளம் புகுந்தது. ஜங்ஷன் பேருந்து நிலையம் மூழ்கியது. விதியை மீறுவது தனியார் மட்டும் என்று நினைக்க வேண்டாம். புதிய பேருந்து நிலையமே வேய்ந்தான்குளத்தின் ஒரு பகுதியில்தான் எழுந்தது.

இதில் நமக்கு என்ன உரிமை? முழுமைத் திட்டத்தின் வரைவு வெளியானால், ஆட்சேபனை சொல்லக் குறைந்தது இரண்டு மாத அவகாசம் தர வேண்டும் என்கிறது சட்டம். யார் வேண்டுமானாலும் எழுத்து மூலம் கொடுக்கலாம். "எங்க ஊருக்கு இது வேண்டாம்" என்று பொதுவாக எழுதினால் எடுபடாது. புல எண், புலப்பட நகல், வாய்க்காலின் பெயர், அது எந்தக் குளத்துக்குப் போகிறது என்று விவரமாக எழுதி, ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாளிதழ் மூலையில் பொடி எழுத்தில் வரும் நில உபயோக மாற்ற அறிவிப்புக்கும் இதே வழிதான். திட்டத்துக்கு அரசு ஒப்புதல் கொடுத்தபின் அதை மாற்றுவது மலையைப் புரட்டுகிற வேலை.

உங்கள் நிலத்தையே சாலைக்கோ பூங்காவுக்கோ ஒதுக்கிவிட்டார்களா? மூன்று ஆண்டுக்குள் அரசு கையகப்படுத்தும் அறிவிப்பும் வெளியிடாமல், பேசி வாங்கவும் செய்யாவிட்டால், அந்த ஒதுக்கீட்டிலிருந்து நிலம் விடுபட்டதாகவே சட்டத்தின் 38ஆவது பிரிவு கருதுகிறது. இது தெரியாமல் வருடக்கணக்கில் அலுவலகப் படி ஏறுகிறவர்கள் ஏராளம்.

அனுமதியில்லாத கட்டுமானத்தை நிறுத்த உள்ளூர் திட்டக் குழுமத்தில் மனு கொடுக்கலாம். நீர்வளத் துறையின் (முன்பு பொதுப்பணித் துறை) குளத்தை ஆக்கிரமித்திருந்தால் 2007ஆம் ஆண்டின் குளங்கள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதிகாரிகள் அசையவில்லை என்றால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். புல எண்ணைக் குறிப்பிட்டு, அது எந்த மண்டலம், மனைப்பிரிவுக்கு ஒப்புதல் எண் என்ன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய் கட்டணம். 30 நாளில் பதில் தர வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையப் பதிவு எண்ணையும் கேளுங்கள். அதுவரை பொறுக்க முடியாது என்று புரோக்கர் அவசரப்படுத்தினால், அந்த மனையை விட்டுவிடுங்கள்.