விடை ஒத்துப் பார்த்தல்

காரைக்காலை அடுத்துக் கடலோரத்தில் காரைக்கால்மேடு என்னும் மீனவர் ஊர் உளது. பத்தாம் வகுப்புக் கணிதப் பரீட்சை நடந்த ஒருநாள் பிற்பகலில் யான் அவ்வூரில் இருக்க நேர்ந்தது. பரீட்சை எழுதி மீண்ட பிள்ளைகள் ஐவர், கரையேற்றி வைத்த படகு ஒன்றன் நிழலில் வினாத்தாளை விரித்துக்கொண்டு, "உனக்கு எவ்வளவு வந்தது? உனக்கு?" என்று ஒருவரையொருவர் வினவிக்கொண்டிருந்தனர். தமிழ்ப் பரீட்சை எழுதி வருவோரிடம் இவ்வழக்கம் இல்லை. கணிதத்துக்கு மாத்திரம் விடை ஒன்றே என்னும் எண்ணம் வலுத்திருத்தலின், தன் விடை பிறர் விடையோடு பொருந்தாதவன் அக்கணமே தன் மதிப்பெண் முழுவதும் போயிற்றென்று கருதிவிடுகின்றான். இக்கருத்து எத்துணைப் பிழையுடையது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அவர்கள் வழக்கிட்ட கணக்கை எண்களை மாற்றி இங்கே தருகின்றேன். கலங்கரை விளக்கம் ஒன்றன் உயரம் கடல் மட்டத்திலிருந்து 60 மீட்டர். அதன் உச்சியினின்று நோக்குங்கால், ஒரே பக்கத்தில் ஒன்றன்பின் ஒன்றாய் நிற்கும் இரு படகுகளின் இறக்கக் கோணங்கள் 45 பாகையும் 30 பாகையும் ஆகும். படகுகளுக்கு இடைப்பட்ட தூரம் யாது?

முதல் மாணவனுக்கு 43.92 மீட்டர் வந்தது. இரண்டாமவனுக்கு 43.8. மூன்றாமவன் 60(√3−1) என்று எழுதி அவ்வளவில் நிறுத்திவிட்டான். நான்காமவனுக்கு 163.92. ஐந்தாமவன் 43.92 என்றே எழுதினான். ஆனால் படமுமில்லை, வழியுமில்லை, விடை மாத்திரமே. ஐவருள் இருவர் விடையே ஒத்திருந்தமையால், அவ்விருவரும் மகிழ்ந்தனர். ஏனை மூவரும் வாடினர். மிகவும் வாடியவன் நான்காமவன்.

இனி, விடைத்தாள் திருத்துவோர் இதனை எவ்வாறு நோக்குவர் என்று காண்போம். அவர் கையில் மதிப்பெண் பகிர்வுப் பட்டியல் ஒன்று இருக்கும். ஐந்து மதிப்பெண் வினாவாயின், படத்துக்கு 1, முதற் படகின் தூரத்தைக் காணும் சமன்பாட்டுக்கு 1½, இரண்டாம் படகின் சமன்பாட்டுக்கு 1½, கழித்து விடை காண்பதற்கு 1 என்பதுபோல அப்பகிர்வு அமையலாம். முதற் படகு 60 மீட்டரிலும், இரண்டாவது 60√3 மீட்டரிலும் உள்ளன. √3 இன் மதிப்பை 1.732 எனக் கொண்டால் இடைத்தூரம் 43.92, 1.73 எனக் கொண்டால் 43.8. எதனைக் கொள்ளவேண்டும் என்று வினாத்தாள் கூறாதவிடத்து இரண்டும் ஒன்றே. மூன்றாமவன் நிறுத்திய வடிவமும் அதுவே. ஆகவே இம்மூவரும் ஒரே விடையைத்தான் எழுதினர். அதனை அறியாமலே மணற்பரப்பில் வழக்கிட்டனர்!

நான்காமவன் செய்தது மெய்யான பிழை. படகுகளை விளக்கத்தின் இரு பக்கங்களிலும் வரைந்துகொண்டு, கழிக்கவேண்டிய இடத்திற் கூட்டிவிட்டான். ஆயினும் அவன் எழுதிய இரண்டு சமன்பாடுகளும் சரியே. படத்துக்கும் முடிவுக்கும் உரிய இரண்டு மதிப்பெண் போயினும், மூன்று நிற்க இடமுண்டு. ஒரு பிழைக்கு ஒருமுறையே மதிப்பெண் குறைக்கவேண்டும் என்பதும், அப்பிழை பின்வரும் படிகளில் தொடர்வதனால் மீண்டும் மீண்டும் குறைத்தலாகாது என்பதும், மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் திருத்துவோர்க்கு வகுத்துள்ள நெறிகளாம். பட்டியலிற் காணும் வழியன்றி வேறொரு வழியிற் கணக்கைச் செய்தவனுக்கும், அவ்வழி சரியாயின், மதிப்பெண் உண்டு.

ஐந்தாமவன் நிலைமையே ஐயத்துக்குரியது. தன் கணவன் அனுப்பிய இரண்டு மாங்கனிகளுள் ஒன்றை அடியார்க்கு இட்ட பின்னரும் கணவனுக்கு இரண்டு கனி படைத்த அம்மையாரின் ஊர் காரைக்கால். ஆனால் அக்கணவனும் கனி வந்த வழி யாதென்று கேட்டான் அன்றோ? திருத்துவோரும் அதனையே கேட்பர்.

நிற்க. விடையை ஒத்துப் பார்ப்பதற்கு முன்னர் வினாத்தாளை ஒத்துப் பார்த்தல் வேண்டும். ஒரே பரீட்சைக்கு வெவ்வேறு தொகுதிகளாக வினாத்தாள்கள் அச்சிடப்படுகின்றன. அவற்றில் வினாக்களின் வரிசை மாறும், சில வினாக்களும் மாறும். 'ஏழாவதற்கு இரண்டாம் விடை' என்று ஒருவன் கூற, வேறு தொகுதி பெற்றவன் நெஞ்சு துணுக்குறுதல் வீணே. அன்றியும், 2020 ஆம் ஆண்டுப் பரீட்சை முதல் பத்தாம் வகுப்புக் கணிதம் 'ஸ்டாண்டர்டு' என்றும் 'பேசிக்' என்றும் இருவகையாயிற்று. இவ்விரண்டின் வினாத்தாள்களும் வேறுவேறு.

காரைக்காற் பிள்ளைகளுக்கு இவை புதியன என்பதை மறத்தலாகாது. நெடுங்காலம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்திற் பயின்ற இப்பகுதியின் அரசுப் பள்ளிகள் மத்திய வாரியத்துக்கு மாற, 2025 இல் அவற்றின் மாணவர் முதன்முறையாக அவ்வாரியத்தின் பொதுப் பரீட்சையை எழுதினர். அண்ணனும் அக்காளும் எழுதிய முறை வேறு. தம்பி எழுதும் முறை வேறு. வீட்டிற் கேட்டறிய ஆளில்லாதபோது படகு நிழலே பள்ளிக்கூடமாகின்றது. தேர்ச்சிக்கு வேண்டிய எண்ணைக்கூட அவர்கள் பிறழவே கணக்கிட்டுக்கொண்டிருந்தனர். வினாத்தாளுக்கு 80 மதிப்பெண். பள்ளியே அளிக்கும் அகமதிப்பீட்டுக்கு 20. பத்தாம் வகுப்பில் இரண்டும் சேர்ந்து நூற்றுக்கு 33 பெற்றாற் போதும். அகமதிப்பீட்டில் 18 பெற்ற ஒருவன் எழுத்துப் பரீட்சையில் 15 பெற்றாலும் தேர்ச்சியடைவான். எண்பது மதிப்பெண்ணுள் இருபது ஒரு மதிப்பெண் வினாக்களாகவே வருகின்றன என்பதையும் நோக்கினால், ஒரு கணக்குத் தவறியதற்காகத் தேர்ச்சியே போயிற்றென்று அஞ்சுதற்கு இடமில்லை.

இதை அறியாமையால் நேர்ந்த தீங்கு ஒன்றைக் கூறவேண்டும். அந்நான்காம் பிள்ளை அன்றிரவு உண்ணவில்லை. அடுத்த பாடத்துக்குப் புத்தகத்தைத் திறக்கவுமில்லை. 'இனிப் படித்து என்ன, அப்பாவோடு படகுக்குப் போய்விடுகின்றேன்' என்றான். அவன் தந்தையார் அதற்கு மறுமொழி சொல்லாமல் வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தார். கணக்கில் அவன் இழந்தது ஏறக்குறைய இரண்டு மதிப்பெண். அடுத்த பரீட்சையில் அவன் இழந்தது அதனினும் பன்மடங்கு என்பதைப் பின்னர் மதிப்பெண் பட்டியலிற் கண்டேன்.

இத்தகையோர்க்கு ராமாநுஜன் கதையைச் சொல்லித் தேற்றுவது நம்மவர் வழக்கம். எனக்கு அது பொருத்தமாகத் தோன்றவில்லை. கும்பகோணத்திலும், பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் அவர் தவறியது உண்மை; ஆனால் அவர் தவறியது கணிதத்தில் அன்று, ஏனைப் பாடங்களில். கணக்கில் இடறிய பிள்ளைக்கு அக்கதையால் ஆறுதல் யாது? இதனினும் தகுந்தது காரைக்காலின் பழைய வழக்கே. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர் அது. பிரெஞ்சு முறையில் மதிப்பெண் இருபதுக்கே இடப்படுவது. 10 பெற்றவன் தேறியவன், 14 பெற்றவன் 'நன்று' என்னும் நிலையினன், 16 பெற்றவன் 'மிக நன்று' என்னும் நிலையினன். அதாவது நூற்றுக்கு 80 அங்கே உச்சிநிலை. நம் வீதிகளில் 80 என்றால் 'ஏன் குறைந்தது?' என்று கேட்பர்.

பரீட்சை முடிவுகள் 2025 இல் மே மாதம் 13 ஆம் நாள் வெளிவந்தன. ஏப்பிரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடலில் விசைப்படகுகள் செல்லத் தடையுள்ள காலம் அது. வருவாய் சுருங்கிய அந்நாட்களிலேயே பதினோராம் வகுப்புக்குச் செல்வதோ, வேறு தொழில் பயில்வதோ, கடலுக்கே போவதோ என்பது வீட்டில் முடிவாகும். ஆகவே மதிப்பெண்ணில் ஐயமுடையோர் அப்பொழுதே செய்யத்தக்கதை அறிந்திருத்தல் நலம். திருத்திய விடைத்தாளைப் பார்ப்பது மாணவனுடைய உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2011 இல் தீர்ப்பளித்தது. குறித்த நாளுக்குள் கட்டணம் செலுத்தி விண்ணப்பித்தால் விடைத்தாளின் படியைப் பெறலாம். கூட்டல் பிழையோ, திருத்தப்படாது விடுபட்ட விடையோ காணின், சரிபார்த்தலுக்கோ மறுமதிப்பீட்டுக்கோ விண்ணப்பிக்கலாம். மறுமதிப்பீட்டில் மதிப்பெண் குறையவுங்கூடும். தோமாவைப்போலத் தொட்டுப் பார்த்தாலன்றி நம்பாத பிள்ளைகள் அப்படியைக் கையில் வாங்கி, தம் எழுத்தின் ஓரத்தில் ஒவ்வொரு படிக்கும் இட்டிருக்கும் ஒன்றையும் ஒன்றரையையும் தாமே எண்ணிக் கூட்டிக்கொள்ளலாம்.